டெம்ப்ஸ்டர் சாலை வழியே வாலிபர் ஊழியப் பயணம்: மகளை அனுப்பலாமா?

மே 4, வாசகர் கேள்வி

எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியம் இந்த ஜூலையில் எட்மன்ரனிலிருந்து இரண்டு வான்களில் கனடாவின் வடமேற்கு மூலையிலுள்ள யூக்கனுக்குச் சென்று, அங்கிருந்து டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை வழியாக ஃபோர்ட் மக்பெர்சன், இனுவிக் ஆகிய ஊர்களுக்கு ஊழியப் பயணம் போகிறது. எனது மகளுக்கு 17 வயது. போயே தீருவேன் என்கிறாள். "நற்செய்தி எட்டாத வடதுருவக் காட்டுக்குள் வாலிபர் படை" என்று துண்டுப்பிரசுரம் அச்சிட்டிருக்கிறார்கள். வழியில் கைத்தொலைபேசி வேலை செய்யாதாம், கரடி வருமாம். அவளது அப்பா வேண்டாம் என்கிறார், போதகரோ விசுவாசம் வேண்டும் என்கிறார். போய் வந்தவர்கள் இருந்தால், பாதுகாப்பைப் பற்றியும் இதனால் யாருக்காவது பயன் உண்டா என்பதைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

மே 5

பல சபைகள் சேர்ந்து அனுப்பிய ஒரு வாலிபர் குழுவுடன், வான் ஓட்டுநராகவும் சமையற்காரராகவும் இதே பாதையில் நான் போயிருக்கிறேன். கரடியைவிட உங்கள் சபையின் துண்டுப்பிரசுரம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஃபோர்ட் மக்பெர்சன் "நற்செய்தி எட்டாத" ஊர் என்று அச்சிட்டவர் அந்த ஊரைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. ராபர்ட் மக்டொனால்ட் என்ற அங்கிலிக்கன் குரு, தாய்வழியில் ஒஜிப்வே என்ற பூர்வகுடி மரபைச் சேர்ந்தவர், 1862 இல் யூக்கன் ஆற்றங்கரைக்கு வந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான குவிச்சின் மக்களிடையே வாழ்ந்தார். அவர்களுள் ஒருவரான ஜூலியா குட்டுக்கைத் திருமணம் செய்தார். அவரும் குவிச்சின் மக்களும் சேர்ந்து உழைத்து, 1886 இல் புதிய ஏற்பாட்டையும் 1898 இல் முழு வேதாகமத்தையும் அந்த மொழியில் அச்சுக்குக் கொண்டுவந்தார்கள். எனவே உங்கள் மகள் போகப்போவது, நான்கைந்து தலைமுறையாக வேதாகமம் வாசிக்கும் ஒரு சபையிடம். அங்கே போய் "இயேசுவை உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரு பாட்டியிடம் கேட்டால், அந்தப் பாட்டி மரியாதையாகச் சிரிப்பார்; பிள்ளை போன பிறகு வீட்டிலே சொல்லிச் சிரிப்பார்.

ஆகவே பாதுகாப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வியைக் குழுத் தலைவரிடம் கேளுங்கள்: உங்களை அங்கே அழைத்தது யார்? அந்த ஊர்ச் சபையோ, குவிச்சின் நிர்வாகமோ, பொழுதுபோக்கு மையத்தை நடத்துபவரோ பெயரோடு எழுதிய அழைப்பு இருந்தால் மேலே பேசலாம். "கர்த்தர் அழைத்தார்" என்ற பதில் மட்டும் வந்தால், அவளது அப்பாவின் பக்கமே நானும் நிற்பேன்.

மே 5, இரவு

பாதுகாப்பைப் பற்றி எழுதாமல் விட்டதால் மூன்று பேர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்கள். எழுதுகிறேன்.

எட்மன்ரனிலிருந்து டோசன் கிரீக் 590 கிலோமீற்றர் அளவு. அங்கே அலாஸ்கா நெடுஞ்சாலை தொடங்குகிறது. வைற்ஹோர்ஸ் வரை இன்னும் 1,400 கிலோமீற்றருக்குச் சற்று மேல். பின்னர் டோசன் நகரை நோக்கி 500 கிலோமீற்றர் அளவு போனதும் டெம்ப்ஸ்டர் சந்தி வரும். இதுவரை தார்ச்சாலை. சந்தியிலிருந்து இனுவிக் வரை 740 கிலோமீற்றர் அளவு சரளைக்கல் சாலை. நிரந்தரமாக உறைந்திருக்கும் நிலம் உருகிவிடாதபடி, ஓர் ஆளின் உயரத்துக்கும் மேலாகச் சில இடங்களில் கல் நிரவி, அந்த மேட்டின்மேல் சாலை போட்டிருக்கிறார்கள். ஓரம் சரிந்தால் வான் உருளும். கல் கத்திபோல் கூர்மையானது. ஒரு வானுக்கு இரண்டு உதிரி ரயர்கள் இல்லாமல் கிளம்பவே கூடாது. சந்தியை விட்டால் அடுத்த பெற்றோல் ஈகிள் பிளெயின்ஸில், அதாவது 369 ஆவது கிலோமீற்றரில். கைத்தொலைபேசி சந்தி முதல் ஃபோர்ட் மக்பெர்சன் வரை வேலை செய்யாது. செய்மதித் தொடர்புக் கருவி ஒவ்வொரு வானிலும் இருக்க வேண்டும். அதை இயக்கத் தெரிந்தவர் இரண்டு பேராவது இருக்க வேண்டும். எங்கள் வானில் கருவி இருந்தது, ஆனால் அதன் கடவுச்சொல் மற்ற வானில் இருந்த ஒருவரின் கையேட்டில் இருந்தது.

கரடி விரட்டும் மிளகாய்த் தெளிப்பான் பையின் அடியில் கிடந்தால் பயனில்லை. இடுப்பில் இருக்க வேண்டும். சமைத்த இடத்தில் கூடாரம் போடக் கூடாது. உண்மையில் பிள்ளைகளைக் கண்ணீர் விட வைத்தது நுளம்பு. மாலை ஆராதனையில் ஒருவரும் கண்ணை மூடி ஜெபிக்கவில்லை; மூடினால் இமையில் குந்தும்.

மே 8

விமானத்தில் போகக் கூடாதா என்று ஒரு நண்பர் கேட்கிறார். போகலாம். ஒருவருக்கான பயணச்சீட்டின் விலையைப் பார்த்துவிட்டு மறுபடி இங்கே வந்து எழுதுங்கள். குழுவாகப் போவதானால் சாலைதான் கட்டுப்படியாகும், அதிலே ஒரு நன்மையும் உண்டு. நாட்கணக்கில் சாலையிலே கிடந்த பிள்ளை, அந்த ஊர்க் கடையில் பால் ஏன் அந்த விலை விற்கிறது என்று யாரிடமும் கேட்பதில்லை.

மே 12

பயனைப் பற்றி எழுதுகிறேன். வழக்கமாக இப்படிப்பட்ட குழுக்கள் விடுமுறை வேதாகமப் பள்ளியை ஒரு பெட்டியில் அடைத்துக்கொண்டு போகும்: பாடல், கைவேலை, நாடகம், பரிசு. நாங்களும் அப்படித்தான் போனோம். காலை ஒன்பது மணிக்குத் தொடக்கம் என்று அறிவிப்பும் ஒட்டினோம். ஒன்பதுக்கு ஒரு பிள்ளையும் இல்லை. பத்துக்கு ஒரு நாய் வந்தது.

காரணம் எளிது. ஃபோர்ட் மக்பெர்சன் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருக்கிறது. மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை சூரியன் அடியோடு மறைவதில்லை, அதற்குப் பிறகும் சில வாரங்கள் இருட்டுவதில்லை. நடுக் குளிர்காலத்தில் சூரியனை அரிதாகவே காணும் பிள்ளைகள், வெளிச்சம் இருக்கும்போது அதை வீணாக்குவதில்லை. இரவு இரண்டு மணிக்கு மிதிவண்டியில் சுற்றுவார்கள், பந்து விளையாடுவார்கள், காலையில் தூங்குவார்கள். பெற்றோரும் அதைக் குற்றமாக நினைப்பதில்லை. நிகழ்ச்சியை மாலை ஏழு மணிக்கு மாற்றிய அன்றே கூடம் நிரம்பிவிட்டது. நிரம்பியது என்றால் அந்த ஊரின் அளவுக்கு நிரம்பியது. அங்கே மொத்தமே எழுநூறு பேருக்குள்தான்.

அதிலும் பாதிப் பிள்ளைகள் ஊரில் இல்லை. ஜூலை என்றால் பீல் ஆற்றோரத்திலும் மக்கென்சி ஆற்றோரத்திலும் மீன் முகாம்கள் போடும் காலம். தாத்தா பாட்டியோடு பிள்ளைகள் அங்கே போய்விடுவார்கள். வலையில் விழுந்த வெள்ளை மீனை முள்ளோடு இரண்டாகப் பிளந்து, சதையில் விரற்கடை இடைவெளியில் குறுக்கே கீறி, கம்பத்திலே மடித்துத் தொங்கவிட்டு, அடியில் புகை போடுகிறார்கள். ஒரு முகாமில் எங்களை அழைத்து உட்காரவைத்து, அந்த வேலையை எங்கள் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். எங்களில் ஒரு பெண், ரொறன்ரோவில் பிறந்தவள், கத்தியைப் பிடித்த விதத்தைப் பார்த்து எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வாங்கித் தானே கீறிக் காட்டினாள். பெட்டியில் கொண்டுபோன எந்தப் பாடத்திலும் அந்தச் சிறுமி அவ்வளவு கவனமாக இருந்திருக்க மாட்டாள்.

எனவே குழுத் தலைவரிடம் இரண்டாவது கேள்வி: நீங்கள் போகும் வாரத்தில் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்று அந்த ஊராரிடம் கேட்டீர்களா?

மே 13

"இது ஜெபத்தோடு கூடிய சுற்றுலா, அவ்வளவுதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி ஒத்துக்கொள்கிறேன். டெம்ப்ஸ்டர் சாலையில் டூம்ஸ்டோன் மலைகளைக் கடக்கும்போது எங்கள் வானில் ஒரு பிள்ளைகூட வேதாகமத்தைத் திறக்கவில்லை, நானும் திறக்கச் சொல்லவில்லை. ஆனால் சுற்றுலாப் பயணி ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பின்வரிசையில் இரண்டு மணி நேரம் உட்காருவதில்லை, கூடத்தைக் கூட்டுவதில்லை, முதியவர் வீட்டுக்கு விறகு பிளந்து அடுக்குவதில்லை. அந்த வேறுபாடு குழுவின் நாளாந்த அட்டவணையில் தெரியும். விறகு எத்தனை மணிக்கு, நாடகம் எத்தனை மணிக்கு என்று பாருங்கள்.

மே 19

வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி நான் ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். அவசரமாக எழுதக் கூடாத விடயம் என்பதால் ஆறுதலாக எழுதலாம் என்று இருந்தேன்.

கனடா அரசு பணம் கொடுத்து, திருச்சபைகள் நடத்திய அந்தப் பாடசாலைகளுக்கு ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் கொண்டுபோகப்பட்டார்கள். 1920 இல் திருத்தப்பட்ட சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. மக்கென்சி ஆற்றுப் பகுதியின் பிள்ளைகள் ஹே ரிவருக்கும் பின்னர் அக்லாவிக்குக்கும் படகிலே அனுப்பப்பட்டார்கள், சிலர் வருடக்கணக்காக வீடு திரும்பவில்லை, சிலர் திரும்பவே இல்லை. 1959 இல் இனுவிக் நகரில் இரண்டு பெரிய விடுதிகள் திறக்கப்பட்டன: கத்தோலிக்கரின் குரோலியர் ஹோல், அங்கிலிக்கரின் ஸ்ரிங்கர் ஹோல். குரோலியர் விடுதியில் மேற்பார்வையாளராக இருந்த சிலர், பிள்ளைகளுக்குச் செய்த பாலியல் கொடுமைகளுக்காகப் பின்னர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். யூக்கனில் கார்குரொஸ் ஊரிலிருந்த சூட்லா பாடசாலையும் அங்கிலிக்கருடையதே. 1911 முதல் 1969 வரை நடந்தது. உங்கள் மகளின் வான் வைற்ஹோர்ஸை அடையும்போது, அந்த இடத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும்.

ஆகவே அந்த ஊர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், கையில் கிற்றாரோடும் ஒரே நிறச் சட்டையோடும் வானிலிருந்து இறங்கும் வாலிபர் கூட்டத்தைப் பார்க்கும்போது, "பிள்ளைகளை எங்களிடம் அனுப்புங்கள்" என்ற அழைப்பை முன்பும் கேட்டவர். நாம் அன்பாகத்தான் கேட்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய கடனும் அவருக்கு இல்லை. எங்கள் நிகழ்ச்சிக்கு வந்த ஒரு தாத்தா, பேரனை உள்ளே விட்டுவிட்டுத் தான் கதவருகே கதிரையைப் போட்டுக்கொண்டு முடியும் வரை உட்கார்ந்திருந்தார். தேநீர் கொடுத்தோம், வாங்கினார். ஒவ்வொரு மாலையும் அதே கதிரை. எங்கள் தலைவருக்கு முதலில் அது சங்கடமாக இருந்தது. பிறகு எல்லாப் பெற்றோருக்கும் சுவரோரமாகக் கதிரைகள் போடச் சொன்னார். அந்தப் பயணத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகச் சரியானது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தவன் என்பதால் இதை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. 1816 இல் அமெரிக்க மிசனரிமார் எங்கள் ஊருக்கு வந்தார்கள். 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி, 1824 இல் உடுவிலில் பெண்கள் பாடசாலை. இரண்டும் விடுதிப் பாடசாலைகளே. படிப்புச் செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டினார்கள். கரோல், நெவின்ஸ், ஆர்னோல்ட் என்ற பெயர்கள் எங்கள் தமிழறிஞர்களின் பெயர்களோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான். ஆனாலும் எங்களுக்கு வாய்த்த ஒன்று குவிச்சின் மக்களுக்கு வாய்க்கவில்லை: பிடிக்காவிட்டால் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவர முடிந்தது. பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலரே 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் திறந்தார்; யாரும் அவரைச் சட்டத்தைக் காட்டித் தடுக்கவில்லை. மிசன் படிப்பால் வளர்ந்த எங்கள் குடும்பங்களின் நன்றியுணர்வை அப்படியே வடக்கே கொண்டுபோய், "மிசனரிமார் உங்களுக்கும் எவ்வளவு செய்திருக்கிறார்கள்" என்று பேசக் கூடாது. எங்கள் குழுவில் ஒரு மூத்தவர் பேசினார். யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் அவரைப் பாத்திரம் கழுவ வைத்தோம்.

மே 20

நேற்றைய குறிப்புக்குக் கீழே "அது கத்தோலிக்கர் செய்தது, நம் சபைகளுக்கு அதில் பங்கில்லை" என்று எழுதியிருப்பவருக்கு: அங்கிலிக்கர், பிரெஸ்பிற்றேரியன், மெதடிஸ்ட் சபைகளும் நடத்தின. மெதடிஸ்டுகள் பின்னர் சேர்ந்த ஐக்கிய திருச்சபை 1986 இலும் 1998 இலும் மன்னிப்புக் கேட்டது. அங்கிலிக்கர் சார்பில் தலைமைப் பேராயர் மைக்கல் பியர்ஸ் 1993 ஆகஸ்டில் கேட்டார். பிரெஸ்பிற்றேரியன் சபை 1994 இல். பிரதமர் 2008 ஜூன் 11 அன்று நாடாளுமன்றத்தில். பாப்பரசர் பிரான்சிஸ் 2022 ஜூலையில் கனடாவுக்கே வந்து, கடைசியாக வடக்கே இக்காலுயிற் வரை போனார். இந்தப் பாடசாலைகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 இல் தனது தேசிய அமர்வுகளுள் ஒன்றை இனுவிக்கில் நடத்தியது. பயணத்துக்கு முன் ஒரு மாலை வாலிபர்கள் உட்கார்ந்து அந்த ஆணைக்குழுவின் 94 பரிந்துரைகளில் திருச்சபைகளைப் பற்றியவற்றையாவது வாசிக்கட்டும். எங்கள் குழு வாசிக்காமலே கிளம்பியது. வழியில் வானுக்குள் தூங்கி வழிந்துகொண்டு வாசித்தோம்.

மே 27

சற்று விலகிப் போகிறேன், ஆனால் இதே சாலையைப் பற்றித்தான்.

ஸ்ரிங்கர் ஹோல் என்ற பெயர் யாருடையது என்று ஒருவர் கேட்டார். யூக்கனின் பேராயராக இருந்த ஐசக் ஸ்ரிங்கர். 1909 இல் அவரும் சார்ள்ஸ் ஜோன்சன் என்ற குருவும் ஃபோர்ட் மக்பெர்சனிலிருந்து மலைகளைத் தாண்டி டோசனுக்குப் போகும் வழியில் பனிமூட்டத்தில் திசை தவறினார்கள். உணவு தீர்ந்தபின் தங்கள் சீல்தோல் சப்பாத்துகளை வேகவைத்தும் வாட்டியும் உண்டார்கள். உயிரோடு இருந்தது பீல் ஆற்றோரத்துப் பூர்வகுடி முகாம் ஒன்றை அடைந்ததால்தான். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது சப்பாத்துக் கதை மட்டும் மிஞ்சுகிறது, முகாமில் அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் மறைந்துபோகிறார்கள்.

அடுத்த ஆண்டுக் குளிர்காலத்தில், 1910 டிசம்பரில், வடமேற்குக் காவற்படையின் ஃபிற்ஸ்ஜெரால்ட் தலைமையில் நான்கு பேர் நாய் வண்டிகளோடு அதே பாதையில் புறப்பட்டார்கள். வழியில் ஈசா ஜோர்ஜ் என்ற குவிச்சின் மனிதர் கொஞ்சத் தூரம் வழிகாட்டினார். பிறகு அவருக்குக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தங்களோடு வந்த முன்னாள் காவலர் ஒருவருக்குப் பாதை தெரியும் என்று நம்பினார்கள். அவருக்குத் தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் நால்வரும் இறந்தார்கள். 1911 மார்ச்சில் அவர்களது உடல்களைக் கண்டெடுத்த காவலரின் பெயர் டெம்ப்ஸ்டர். நால்வரின் கல்லறைகளும் ஃபோர்ட் மக்பெர்சன் அங்கிலிக்கன் ஆலயத்தின் பக்கத்திலேயே இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் அங்கே நின்று படம் எடுத்தார்கள். ஆலயத்தைக் காட்டிய ஊர்க்காரர் அந்த வழிகாட்டியின் கதையைச் சொல்லிவிட்டு, "நீங்களும் மலையில் நடக்கப் போகிறீர்களாமே, யாரோடு போகிறீர்கள்?" என்று கேட்டார். எங்கள் திட்டத்தில் வழிகாட்டி இல்லை. அன்று மாலையே ஒருவரை ஏற்பாடு செய்தோம்.

இந்த நிலத்தை ஆளில்லாக் காடு என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இன்னொன்று. 1921 இல் அரசும் பூர்வகுடிகளும் செய்த பதினோராவது ஒப்பந்தம், 1992 இல் ஃபோர்ட் மக்பெர்சனிலேயே கையெழுத்தான குவிச்சின் நில உரிமை உடன்படிக்கை என்று இந்த நிலத்துக்கு உரிமைப் பத்திரங்கள் உண்டு. கூடாரம் போடுவதற்கு முன் கேட்க ஆள் இருக்கிறது.

ஜூன் 2

ஆராதனை எப்படி இருக்கும் என்று மகள் கேட்கிறாளாம். நல்ல கேள்வி.

ஆங்கிலத்தில்தான் பெரும்பாலும் நடக்கும். நாங்கள் போன ஞாயிறு ஒரு மூதாட்டி எழுந்து, ஓரம் தேய்ந்து பஞ்சாகிப்போன கறுப்பு அட்டைப் புத்தகத்தைத் திறந்து குவிச்சின் மொழியில் ஒரு பாட்டைத் தொடங்கினார். வாத்தியம் இல்லை. ஒவ்வொரு அசையையும் மூச்சு முடியும் வரை நீட்டுகிறார்கள். எங்கள் கிற்றார்க்காரன் தாளம் பிடிக்கப் பார்த்து, இரண்டாம் அடியிலேயே கம்பிகளின்மேல் கையை வைத்து நிறுத்திவிட்டான். அதே பையன், இரவு சமூகக் கூடத்தில் வயலின் வாசிப்பவர்கள் முன் உட்கார்ந்து, கம்பளி வணிகர்கள் காலத்தில் அங்கே வந்து குவிச்சின் இசையாகவே மாறிவிட்ட துள்ளல் மெட்டுகளுக்குத் துணை வாசிக்கக் கற்றுக்கொண்டான். அந்த மெட்டுகளுக்குக் கால் மாற்றி ஆடுவதில் எழுபது வயதுக்காரர்கள் எங்கள் வாலிபர்களைத் திணறடித்தார்கள். வாலிபர் ஐக்கியத்தில் நடனம் சரியா என்று யாரும் இங்கே விவாதம் தொடங்க வேண்டாம்.

இனுவிக்குப் போனால், பனிவீட்டின் வடிவில் 1960 இல் திறக்கப்பட்ட கத்தோலிக்க ஆலயத்தையும் உள்ளே மோனா திராஷர் என்ற இனுவியலுயிற் பூர்வகுடி ஓவியரின் சிலுவைப்பாதை ஓவியங்களையும் பார்க்கட்டும். 2010 இல் வின்னிப்பெக்கிலிருந்து பாரவண்டியிலும் படகிலுமாக ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் கொண்டுவரப்பட்ட பள்ளிவாசலும் அங்கே இருக்கிறது.

ஜூன் 9

பணம். பயணச் செலவின் டொலர் கணக்கைப் பார்த்த ஒருவர், அத்தனை பணத்தையும் அந்த ஊர்ச் சபைக்கே அனுப்பினால் ஆலயக் கூரையைப் புதுப்பிக்கலாமே என்று கேட்டிருக்கிறார். ஒரு வாரமாக இதை யோசித்தேன். நானும் திரும்பி வரும்போது இப்படித்தான் நினைத்தேன். ஆனால் கூரைக்கு என்று கேட்டால் எங்கள் சபைகளில் அந்தப் பணம் சேர்ந்திருக்காது. பெற்றோர் மட்டன் றோல்ஸ் பொரித்து விற்றது தங்கள் பிள்ளை போகிறது என்பதற்காக. இது அழகான உண்மை இல்லை, ஆனாலும் உண்மை. எனவே ஒரு நடுவழி சொல்கிறேன்: சேரும் தொகையில் ஒரு பங்கு, எதற்கு என்று நீங்கள் சொல்லாமல், அழைத்த சபையின் கையில் போகட்டும். பழைய உடுப்பு மூட்டைகளைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே எங்கள் சமையலறைக்குப் பின்னால், முன்பு வந்த ஏதோ குழு விட்டுப்போன உடுப்புப் பைகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. அவற்றைத் தெரிந்து பிரித்துக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோவதே எங்கள் முதல் நாள் ஊழியமாக இருந்தது.

படங்களைப் பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். பணம் தந்தவர்களுக்குக் காட்டுவதற்காகத்தான் குழுக்கள் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கின்றன. பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஒரு முகமும் இணையத்தில் ஏறக் கூடாது. விறகைப் படம் எடுங்கள்.

ஜூன் 10

"அப்படியானால் போகவே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். இல்லை. நாங்கள் இருந்தபோது ஊரில் ஒரு மரணம் நிகழ்ந்தது. அந்த அளவு ஊரில் ஒருவர் போனால் எல்லாமே நிற்கும். எங்கள் அட்டவணையில் அன்று நாடகமும் சாட்சியும் இருந்தன. தலைவர் அதைக் கிழித்துப்போட்டுவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். பெண்கள் எங்களைச் சமூகக் கூடத்துச் சமையலறைக்குள் விட்டார்கள். மலைபோல உருளைக்கிழங்கு. கரிபு மான் இறைச்சிச் சூப்புக்கு இரண்டு பேர் தூக்கும் அண்டாக்கள். எங்கள் பையன்களைக் கல்லறை வெட்டக் கூப்பிட்டார்கள். மேலே ஒரு முழம் பாசியும் கறுப்பு மண்ணும், அதற்குக் கீழே உறைந்த நிலம். அதில் கடப்பாரை பட்டால் பொறி பறக்கும், பெயர்வது கைப்பிடியளவு. ஊர் இளைஞர்களும் எங்கள் பையன்களும் முறை மாற்றி முறை மாற்றி இரவு முழுதும் வெட்டினார்கள்; வெளிச்சம் இருந்ததால் நேரம் தெரியவில்லை. யாரும் யாருக்கும் பிரசங்கம் செய்யவில்லை. கொப்புளம் வந்த கைகளோடு அவர்கள் விருந்தில் உட்கார்ந்தபோதுதான், வந்த நாளிலிருந்து எங்களிடம் முகம் கொடுத்துப் பேசாத சிலர் பெயர் கேட்டார்கள், எந்த ஊர் என்று கேட்டார்கள், "யாழ்ப்பாணம் எங்கே இருக்கிறது, அங்கே குளிருமா?" என்று கேட்டார்கள்.

இப்படி நடக்கும் என்று திட்டமிட முடியாது. திட்டத்தில் இடம் விட மட்டும் முடியும்.

அடுத்த ஆண்டும் அதே குழுவிலிருந்து சிலர், சட்டையும் பதாகையும் இல்லாமல் அங்கே போனார்கள். மற்றவர்கள் வேறு நாட்டுக்குப் போனார்கள், அதையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குழுத் தலைவரிடம் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி இதுதான்: அடுத்த ஆண்டு இதே ஊருக்குப் போவீர்களா?

ஜூன் 17

சகோதரி, நீங்கள் இட்ட பதிலைப் பார்த்தேன். அழைப்பு இருக்கிறது, அந்த ஊர்ச் சபையினரே விறகும் வேலி வேலையும் கேட்டிருக்கிறார்கள், துண்டுப்பிரசுரத்தை மாற்றி அச்சிடப் போதகர் சம்மதித்துவிட்டார் என்றால், அனுப்புங்கள் என்றே சொல்வேன். "வாலிபர் படை" என்ற சொற்களையும் எடுக்கச் சொல்லுங்கள்.

வளர்ந்தவர் அனைவரும் காவல்துறைச் சான்றிதழ் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு வளர்ந்தவர் தனியாக ஒரு பிள்ளையோடு இருக்கக் கூடாது என்ற விதி உங்கள் மகளுக்கும் பொருந்தும், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். ஃபோர்ட் மக்பெர்சனில் தாதியர் நடத்தும் சுகாதார நிலையம்தான் உண்டு, மருத்துவமனை இனுவிக்கில். அவள் தினமும் எடுக்கும் மருந்து இருந்தால் இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு வான்களிலும் வையுங்கள்.

பொதி செய்ய: தலையை மூடும் நுளம்பு வலை, வெளிச்சத்தில் தூங்கக் கண் மறைப்பு, கம்பளிக் காலுறை, ரப்பர் சப்பாத்து. ஜூலையில்கூடப் பனி விழலாம், முப்பது பாகை வெப்பமும் அடிக்கலாம். மழை பெய்தால் அந்தச் சாலையின் சேறு சீமெந்துபோல் ஒட்டும், எனவே வெள்ளைச் சப்பாத்து வேண்டாம்.

ஜூன் 23

குறித்த நாளில் மகள் திரும்பாவிட்டால் என்ன செய்வது என்ற அப்பாவின் கேள்விக்கு: பீல் ஆற்றையும் மக்கென்சி ஆற்றையும் கடக்கப் பாலம் கிடையாது. கோடையில் படகுச் சேவை, கட்டணம் இல்லை. மழையால் ஆறு பெருகினாலோ, மரங்கள் மிதந்து வந்தாலோ, படகு நிற்கும். அப்போது கரையில் காத்திருக்க வேண்டியதுதான். காட்டுத்தீ வந்தாலும் சாலையை மூடுவார்கள். ஆகவே குறித்த நாளில் மகள் வீடு வரவில்லை என்றால் உடனே காவல்துறையை அழைக்காமல், முதலில் யூக்கன், வடமேற்குப் பிரதேசம் ஆகிய இரு பிரதேச அரசுகளின் சாலை அறிவிப்புகளைப் பாருங்கள். திரும்பும் திட்டத்தில் இரண்டு மூன்று நாட்கள் வெறுமையாக விடச் சொல்லுங்கள், அத்தனை நாளுக்கும் அரிசியும் பருப்பும் வானில் இருக்க வேண்டும்.

அவள் டெம்ப்ஸ்டரில் வான் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. எதிரே பாரவண்டி வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டி, கண்ணாடியில் கல் விழும் என்று தெரிந்தே காத்திருக்க வேண்டிய சாலை அது. ரயர் மாற்ற மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள்.